அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

(இலங்கை மலையகத்து ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியைகளும் தோட்டச் சிறுவர் அபிவிருத்தி நிலைய உத்தியோகத்தர்களும் கூடிய ஒன்றுகூடலில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு வசனங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் உதவிப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த கோயில் பரிபாலன சபையினரே, தோட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்து பின்வரிசையில் அடக்கமாக அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, முன்பள்ளி ஆசிரியைகளே, எல்லோருக்கும் மேலாக, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகங்களான பிள்ளை மடுவங்களில் இருந்து வந்திருக்கும் என் அக்காமார்களே, தங்கைமார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்தக் குளிருக்கு அது மிகவும் உபயோகமானது. அதற்கும் நன்றி.

உதவிப் பணிப்பாளர் அவர்கள் ஒரு காலத்தில் என் மாணவர். அதனால் நேரம் முடிந்தால் மணி அடிக்கத் தயங்குவார் என்ற துணிச்சலில் பேசுகிறேன். மூன்று விடயங்கள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, பேச்சும் மொழியும் பின்தங்கிய பிள்ளையைச் சிறு வயதிலேயே எப்படி அடையாளம் காண்பது. இரண்டு, காது. மூன்று, முதலாம் வகுப்பு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று சொல்வார்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். நம்முடைய சனங்கள் தோட்ட வேலைக்காக இந்த மலைக்கு வந்து 200 வருடம் கடந்துவிட்டது. குடியுரிமையோ, பள்ளிக்கூடமோ, ஏழு பேர்ச் காணியோ, அழாமல் எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது அழத் தெரியாத பிள்ளையைப் பற்றி.

2016ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்துப் பிள்ளைகளில், வேறு எந்த நோயும் காரணமாக இல்லாமல் மொழி மட்டும் பின்தங்கியவர்கள் நூற்றுக்கு ஏழுக்கும் சற்று மேல் என்று கண்டார்கள். முப்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். அடுத்த வருடம் டொரத்தி பிஷப் என்ற பேராசிரியையின் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, இதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று ஒரே பெயரால் அழைப்பதென்று இணங்கினார்கள். அதுவரை ஆளுக்கொரு பெயர். நம்மிடமும் பெயர்கள் உண்டு. மக்கு, மந்தம், வாயில்லாப் பூச்சி. முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற நானும் அந்தப் பெயர்களைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால், நான் அப்படி எத்தனை பிள்ளையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் மூன்று வயதுப் பையன் ஒருவன். வாட்டசாட்டமானவன். கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு மேலே மேலே போகிறது. அதே புத்தகத்தில் பிள்ளை எந்த வயதில் என்ன பேச வேண்டும் என்றும் ஒரு பகுதி இருக்கிறது. அது வெள்ளையாகவே கிடந்தது. பாட்டி சொன்னார், "அவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் பேசலங்க சேர், பரம்பரை." அந்த அம்மாவுக்கு அது சமாதானம். ஆனால் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிபுணர்கள் சொல்வது. கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். நாக்கில் வசம்பு தடவினார்கள். மணித் தண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன், பரிபாலன சபையினர் முன்னால் இருக்கிறார்கள். வசம்பு மட்டும் வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

சந்தேகப்பட்ட ஒரே ஆள் பிள்ளை மடுவத்து அக்கா. ஒருநாள் என்னை வழியில் மறித்தார். "சேர், மத்ததெல்லாம் பால் நேரத்துல கத்திக் கூரையப் பிச்சிருங்க. இவன் கப்பைத் தூக்கிட்டு வந்து என் கையில வச்சிட்டு நிப்பான். அதுகூடப் பரவாயில்ல. செருப்ப எடுத்துட்டு வாடான்னு சொன்னா முழிக்கிறான். கைய நீட்டிக் காட்டுனாத்தான் போறான். நேத்து கையக் கட்டிக்கிட்டுச் சொல்லிப் பாத்தேன். அசையல."

கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன் என்கிறார்! எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் இவர்? நிபுணர்கள் செய்வதும் இதைத்தான். சைகை காட்டாமல், கண்ணால் ஜாடை செய்யாமல், வெறும் சொல்லை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. பேசாத பிள்ளைகளில் பலர் பிறகு தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள். சொன்னதும் விளங்காத பிள்ளையைத்தான் இன்னும் அவசரமாகக் கவனிக்க வேண்டும்.

நானும் தாயும் அவனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு லயத்திலிருந்து இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் படிக்கட்டு, முதல் பஸ், ஹட்டனில் இன்னொரு பஸ். தாய்க்கு அன்றைய பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போயிற்று, அரைப்பேர்கூட இல்லை. கீழே ஒரு பெரிய வைத்தியசாலை, எதுவென்று சொல்லமாட்டேன். பேச்சு சிகிச்சையாளர் சப்ரகமுவப் பக்கத்து இளம்பெண். தமிழ் தெரியாது. அது அவர் குற்றமல்ல. வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்.

அவர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, சொல்வது பிள்ளைக்கு விளங்குகிறதா என்பது. தம்பி அதைத் தமிழில் கேட்டார்: "பையன் சொன்ன பேச்சைக் கேப்பானா?" தாய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்ல பிள்ளைங்க. சொல்லு தட்ட மாட்டான்." அங்கே ஓம் என்று அடையாளம் விழப்போகிறது! அந்த ஒரு வார்த்தையில் முழுப் பயணமும் வீணாகியிருக்கும். நான் எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் குறுக்கிட்டு விளக்கினேன். விளங்காத சொல்லை அவன் எப்படியம்மா தட்டுவான்?

(மண்டபத்தில் சிரிப்பு. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்றேன். ஆனால் நானும் சிரித்தேன்.)

அடுத்தது பட அட்டைகள். தமிழ் அட்டைகள்தான், எங்கோ அச்சடித்து வந்தவை. கடல் படத்தைக் காட்டினால் பையன் "டேம்" என்றான். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே பிறந்தவன் வேறென்ன சொல்வான்? பிறகு ஒரு பனைமரம். நெடுநேரம் பார்த்தான். அவனிடம் இருந்தவை பத்துப் பதினைந்து சொற்கள்தான். அதில் ஒன்றை எடுத்து வைத்தான்: "கித்துல்." அட்டையின் பின்பக்கத்துப்படி அது தவறு. தம்பியும் இல்லையென்று தலையை ஆட்டினார். ஆனால் அந்தப் பெண் எழுந்தே விட்டார். "ஹரி, ஹரி! கித்துல்!" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கைதட்டினார். கித்துல் பனை இனத்து மரம், நம் மலையைப் போல அவர் ஊரிலும் அதுதானே நிற்கிறது. தமிழ் அட்டை தவறு என்றது, தமிழ் தெரியாத அந்தப் பெண் சரி என்றார். மலையகத்துப் பிள்ளையின் தமிழைச் சோதிக்க மலையகத்தில் செய்த அட்டை வேண்டும் என்பதற்கு இதைவிட நான் என்ன சாட்சி கொண்டுவர முடியும்?

போகிற போக்கில் ஒன்று. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், அதனால்தான் பிள்ளை குழம்பிப் போனது என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வராது. குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மொழியிலும் வெளிப்படும். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதால் வந்தது என்ற பழியும் வேண்டாம்.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வயதை ஒட்டி முதல் சொல். இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது, அத்துடன் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டைச் சேர்ப்பது. மூன்று வயதில், பிள்ளை பேசுவதில் முக்கால்வாசி வெளியாளுக்கும் விளங்க வேண்டும். இதில் பின்தங்கினால் குறைபாடு என்று நீங்கள் முடிவு சொல்லக் கூடாது. நீங்கள் சல்லடை பிடிப்பவர்கள். கல்லா அரிசியா என்று பார்ப்பது அடுத்தவர் வேலை.

வைத்திய அதிகாரி அவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார். அவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் தடுப்பு மருத்துவத்துக்கென்று ஒரு பணிக்குழு இருக்கிறது. 2006, 2015, 2024 என்று மூன்று முறை இதை ஆராய்ந்தார்கள். யாருக்கும் சந்தேகம் எழாத, ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளை எல்லாம் வரிசையில் நிறுத்திச் சோதிப்பதால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே மூன்று முறையும் வந்த பதில். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். ஆனால் ஐயா, "சந்தேகம் எழாத" என்ற சொல்லைப் பாருங்கள். இங்கே சந்தேகப்பட யார் இருக்கிறார்கள்? தாய் காலையில் மலைக்குப் போனால் மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் வருகிறாள். பகல் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பவர் மடுவத்து அக்கா ஒருவர்தான். அவர் சந்தேகப்பட்டால் அது சந்தேகம் எழுந்த பிள்ளை. அமெரிக்கக் குழுவின் பதில் அந்தப் பிள்ளையைப் பற்றியது அல்ல.

ஆகவேதான் கேட்கிறேன். மடுவத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாற்றினோம், சுவருக்கு மஞ்சள் பூசினோம், முயல் படம் வரைந்தோம். உள்ளே இருக்கும் பெண்ணுக்கு என்ன செய்தோம்? பிள்ளைகளைத் தூங்க வைத்தால் போதும் என்றுதானே நினைக்கிறோம்? அவருக்கு முறையான பயிற்சி கொடுங்கள். அவர் எழுதும் துண்டுச்சீட்டைக் கிளினிக்கில் வாங்கிப் பாருங்கள். மாதம் முழுமைக்கும் நிரந்தரச் சம்பளம் கொடுங்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும், சரி. அழாத பிள்ளையை எட்டிப் பார்க்க அங்கே அவர்தானே இருக்கிறார்?

சிகிச்சையாளரும் வேண்டும்தான். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1997இல் இந்தப் பயிற்சி தொடங்கியது, இப்போது பட்டப்படிப்பாகவும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்களுக்கு டொக்டர் என்ற ஒரு சொல்லைத்தான் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இந்தச் சொல்லையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, காது... உதவிப் பணிப்பாளர் மணியைத் தொட்டுவிட்டார். குருபக்தி இவ்வளவுதான். சுருக்கமாக: பேச்சு பின்தங்கிய எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கட்டியிருந்தாலும் பிள்ளைக்குச் சரியாகக் கேட்காது. நம் குளிரும் லயத்து அடுப்புப் புகையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்றாவதை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன், கூப்பிட்டால்.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். பேசுகிறான், வசனம் கொஞ்சம் முன்பின்னாக வரும். போன வாரம் என்னைக் கண்டு, "சேர், கித்துல் பாணி சாப்பிட்டேன் நான் நேத்து" என்றான்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. மடுவத்து அக்காமார்களின் பயிற்சியும் சம்பளமும் முதல் பக்கம், மலையகப் பட அட்டை இரண்டாம் பக்கம். பெயர், டிவிசன், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். போன மனுவில் பாதிப் பேர் இலக்கம் எழுதாமல் திரும்பி வந்தது. பின்வரிசை ஐயா அவர்களும் கையெழுத்துப் போட்டால் சந்தோஷம். அதன்பிறகு தேத்தண்ணி இருக்கிறது.