மலையா, நாயகனா? மலையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மொரீஷியஸ் தீவில் காத்ர் போர்ன் நகரின் இந்தக் கோயில் மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மலையில் நடக்கும் அதிரடிப் படங்களில் நம்மைக் கட்டிப்போடுவது மலையா, நாயகனா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மலை வெறும் திரைச்சீலைதான், நாயகனைக் கப்பலில் ஏற்றினாலும் இரயிலில் ஏற்றினாலும் படம் ஓடும் என்று அடித்துச் சொன்னார். அதற்கு அவர் காட்டிய சான்று 1993இல் வெளிவந்த ‘கிளிஃப்ஹேங்கர்’. கதை நடப்பது அமெரிக்காவின் ராக்கி மலையில், மலைக்காட்சிகளில் பெரும்பகுதியைப் படமாக்கியதோ இத்தாலியின் டோலமைட் மலைகளில். ஆகவே எந்த இடமானால் என்ன என்று கேட்டார். தகவல் சரிதான். ஆனால் ஐயா, ஒரு மலைக்கு மாற்றாக அவர்கள் தேடிப் போனது இன்னொரு மலையைத்தானே ஒழிய, துறைமுகத்தையோ கரும்புத் தோட்டத்தையோ அல்லவே!

சமவெளிச் சண்டையில் கால் இடறினால் எழுந்துகொள்ளலாம், குண்டு தீர்ந்தால் ஓடலாம், ஓட முடியாவிட்டால் வழியில் போகிறவரின் மோட்டார் சைக்கிளைப் பறித்துக்கொள்ளலாம். மலை இந்த மூன்று வாசல்களையும் சாத்திவிடுகிறது. 8,000 மீட்டருக்கு மேலே உயிர்வளியின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், அங்கே பத்தடி நடப்பதே ஒரு சண்டைக்காட்சியாகிவிடுகிறது. வில்லனுக்கும் மூச்சு வாங்குகிறது, நாயகனுக்கும் வாங்குகிறது. ஒரே கயிற்றில் தொங்கும் பகைவனை உதறினால் தானும் போக நேரிடும் என்று ஒரு கட்டம் வருமே, அந்த நெருக்கடியைப் படைத்தது கதாசிரியரின் பேனா அல்ல, புவியீர்ப்பு.

வெளியே எட்டிப் பார்த்தால் தெரிகிற கோர் தெ கார்த் மலையையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்தன்று காவடி சுமந்து வருகிறவர் ஊர்ச்சாலையில் வெகுதூரம் நடக்கும்போது, நாமும் பேசிக்கொண்டே பக்கத்தில் நடக்கிறோம். மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலின் படிக்கட்டு வந்ததும், வெறுங்கால் ஒவ்வொரு படியையும் தடவிப் பார்த்து ஊன்றுவதையும், தோளில் காவடி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வதையும் கண்டு, பேச்சை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். ஆள் அவரேதான், காவடியும் அதுவேதான். தரை மட்டும் சாய்ந்திருக்கிறது.

எதிரணியின் இளைஞர் ஒருவர், படத்தில் யாராவது உரக்கக் கத்தினால் பனிச்சரிவு வருகிறது, அது பொய் என்று சிரித்தார். ஒப்புக்கொள்கிறேன், அது பொய்தான்; வெறும் குரலுக்குப் பனி சரிவதில்லை. உண்மை அதைவிடப் பயங்கரமானது. பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு எமனாவது அவர்கள் வைத்த அடி, அல்லது கூட வந்தவர் வைத்த அடி. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில், மேலடுக்குப் பனிக்கு அடியில் வலுவற்ற ஓர் அடுக்கு ஒளிந்திருக்கும்போது, ஓர் ஆளின் எடையே அதை அறுத்துவிடப் போதும். தன் காலடியே தனக்கு எதிரியாகும் இடத்தை எந்தக் கப்பலில் போய்த் தேடுவது?

மலை திரைச்சீலை என்றால், அது படப்பிடிப்புக்காரர்களின் சொல்லையாவது கேட்டிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஈகர் மலைக்கே போய் எடுத்து 1975இல் வெளியிட்ட ‘தி ஈகர் சாங்ஷன்’ படத்தின் வேலையின்போது, பாறை விழுந்து மலையேறி ஒருவர் உயிரிழந்தார். கிளிண்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த அந்தப் படத்தின் கதையை நான் பெரிதாக மெச்சவில்லை. ஒற்றர்களும் பழிவாங்கலும் கலந்த சாதாரணக் கதைதான். பாறைச் சுவரில் ஆட்கள் ஒட்டிக்கொண்டதும் கதை மறந்துபோகிறது, உள்ளங்கை வேர்க்கிறது.

இந்த ஈர்ப்பு நமக்குப் புதிதும் அல்ல. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, கபிலர் புறநானூற்றில் வேந்தர்களை எதைக் காட்டி மிரட்டினார்? உழவர் உழாமலே அம்மலை மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என நான்கு விளைவுகளைத் தரும், மரந்தோறும் யானையைக் கட்டி நின்றாலும் உங்களால் அதைக் கொள்ள முடியாது என்று மலையைத்தான் முதலில் முன்னே நிறுத்தினார். பாரியின் வள்ளன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த முற்றுகையைச் சமவெளியில் வைத்துப் பாருங்கள், இரண்டே நாளில் கதை முடிந்துவிடும்.

கையெட்டும் சான்று வேண்டுமென்றால் நம் லெ பூஸ் மலை இருக்கிறது, உயரம் வெறும் 812 மீட்டர். ஒரு மழைக்கு மறுநாள் தம்பி மகனோடு ஏறினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே அவன் மிதித்த கல் பெயர்ந்து உருண்டது. ஒரு முறை மோதும் ஓசை கேட்டது, வெகுநேரம் கழித்து இன்னொன்று, பிறகு ஒன்றுமே இல்லை. பையன் பற்றியிருந்த புல்லை விடவில்லை. அங்கே நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை, பின்னணி இசையும் இல்லை, நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டது. அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரு வேலை வைத்துவிட்டு அமர்கிறேன். நாயகனும் வில்லனும் ஒரே கயிற்றில் தொங்கும் காட்சியை அவர் தம் தலைவரின் கப்பலுக்கு மாற்றிக் காட்டட்டும். கீழே கடல் இருந்தால் இருவரும் நீந்திக் கரையேறிவிடுவார்களே, அதற்கு என்ன செய்வார் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.