லானுக்கு கம்போஸ்ட்: எப்போ காப்பாத்தும், எப்போ கெடுக்கும்

(காட்சி: கொரியன் புல் லான். நடுவுல வட்டமா ஒரு பழுப்புத் திட்டு.)

அடைமழைக்கு அப்புறம் லான்ல இப்படித் திட்டு வந்தா, தண்ணி பத்தலைன்னு இன்னும் ஊத்தாதீங்க. திட்டோட ஓரத்துல ஒரு புல்லைப் பிடிச்சு லேசா இழுங்க. அடித்தாள் அழுகி, கையோட வந்துடுச்சுன்னா பெரும்பாலும் ரைசோக்டோனியா பூஞ்சை. மருந்து அடிச்சா அடங்கும், அடுத்த மழைக்குத் திரும்பி வரும். நல்ல கம்போஸ்ட்ல இருக்கிற ட்ரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சை இந்த ரைசோக்டோனியாவையே தாக்கித் தின்னும்.

கம்போஸ்ட்ல இருக்கிற பாக்டீரியா செய்யுற வேலை வேற மாதிரி. விதையையும் நாத்தையும் அழுக வைக்கிற, பூஞ்சை மாதிரியான கிருமி பித்தியம். விதையில இருந்து கசியுற கொழுப்பு அமிலம் பட்டா அது முளைச்சு எழும். என்டரோபாக்டர்ங்கிற பாக்டீரியா அந்த அமிலத்தை முந்திக்கிட்டு சாப்பிட்டுடும். பக்கத்துல விதை இருக்கிறதே பித்தியத்துக்குத் தெரியாது. இது அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல எரிக் நெல்சன் குழு கண்டுபிடிச்சது. கம்போஸ்ட் கலந்த மணலை கால்ஃப் புல்லுல தூவி, டாலர் ஸ்பாட்ங்கிற புல் பூஞ்சை நோய் குறையறதைக் காட்டினதும் அவங்கதான்.

(காட்சி: ஆவி பறக்கிற கம்போஸ்ட் குவியல். உள்ளே தெர்மாமீட்டர்.)

பலரும் தப்பு பண்றது இங்கதான். குவியல் 55-லிருந்து 65 டிகிரி வரைக்கும் சூடாகும்போது நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். கூடவே ட்ரைக்கோடெர்மாவும் செத்துடும். சூடு ஆறின பிறகுதான் வெளி அடுக்குல இருந்து அது திரும்பக் குடியேறும். அதனால ஆறினதுக்கு அப்புறம் ஈரத்தோட 4-லிருந்து 6 வாரம் முதிர விடணும். அவசரப்பட்டு எடுத்துப் போட்டா, அதுல இன்னும் மக்காத சத்து நிறைய இருக்கும். ட்ரைக்கோடெர்மா அதைத் தின்னுக்கிட்டு ரைசோக்டோனியாவைத் தொடாம விட்டுடும். ரைசோக்டோனியாவும் அதே சாப்பாட்டுல கொழுத்துடும்.

முதிர்ந்துடுச்சான்னு பார்க்க, ஒரு கைப்பிடியை நனைச்சு ஜிப் கவர்ல 3 நாள் மூடி வைங்க. திறந்ததும் மழை மண் வாசனை வரணும். புளிச்ச வாடையோ அம்மோனியா நெடியோ அடிச்சா இன்னும் ஆகலை. குப்பைமேட்டுல இருந்து நேரா அள்ளின எரு வேண்டவே வேண்டாம். கோரையை விலை கொடுத்து வாங்கின மாதிரி ஆயிடும்.

(காட்சி: சல்லடை, கவை, ஈர்க்கு விளக்குமாறு.)

100 சதுர அடிக்கு 10 லிட்டர் வாளியில நாலரை வாளி. பரப்பினா சுமார் 5 மில்லிமீட்டர் கனம் வரும். முதல்ல புல்லை வெட்டுங்க, ஆனா உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். கவையால 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஒரு சாண் இடைவெளி விட்டுக் குத்துங்க. 6 மில்லிமீட்டர் சல்லடையில சலிச்ச கம்போஸ்ட்டைத் தூவி, விளக்குமாறால எதிர்த்திசையில தேய்ச்சா துளைக்குள்ள இறங்கும். முடிச்சதும் புல் நுனி வெளியில தெரியணும். மூடிடுச்சுன்னா வெளிச்சமும் காத்தும் இல்லாம புல் மஞ்சளாகி அழுகும். சாயங்காலமா போட்டு, மெல்லமா நனைச்சு விடுங்க.

கடையில வாங்கின ட்ரைக்கோடெர்மா பொடி சேர்க்கிறதா இருந்தா, பயிருக்குச் சொல்ற ஏக்கருக்கு 1 கிலோ கணக்கே போதும்: 1000 சதுர அடிக்கு 25 கிராம். அரை கிலோ ஈரமான கம்போஸ்ட்ல கலந்து, நிழல்ல ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் வெச்சுட்டுத் தூவுங்க. காலாவதி தேதியைப் பாருங்க. வெயில் படுற கடையில கிடந்த பாக்கெட்ல உயிர் இருக்கும்னு நம்ப முடியாது. பூஞ்சைக்கொல்லியோட சேர்த்து அடிக்கவே கூடாது.

கம்போஸ்ட் டீ, அதாவது கம்போஸ்ட்டை ஊற வெச்சு எடுக்கிற தண்ணி? பலன் சீரா கிடைக்கிறதில்லை. வெல்லமோ மொலாசஸோ போட்டு ஊற வெச்சா ஈ.கோலை மாதிரி கிருமிகளும் பெருகலாம். குழந்தைங்க உருளுற லான்ல அது தேவையில்லை.

சென்னைப் பக்கம் இதுக்கு ஏத்த நேரம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை வர்றதுக்குள்ள நுண்ணுயிர் வேர்ப் பக்கம் காலூன்ற நேரம் கிடைக்கும். திட்டு ஏற்கனவே பரவிட்டு இருந்தா கம்போஸ்ட் அதை நிறுத்தாது. அப்போ தழைச்சத்து உரத்தை நிறுத்துங்க, தண்ணி தேங்காம வடிய விடுங்க. புல் மறுபடி பச்சை கட்டினதும் 5 மில்லிமீட்டர் கணக்கை ஆரம்பிக்கலாம்.