காது குத்த நாள் பார்க்கும் முன் சுகர் பாருங்கள்

[காட்சி: மர மேசை. சின்ன வெல்வெட் பெட்டிக்குள் ஏழு கல் மூக்குத்தி. பக்கத்தில் குளுக்கோமீட்டர்.]

இது என் அத்தையின் மூக்குத்தி. அவருடைய அம்மா போட்டிருந்தது. நடுவில் பத்து வருஷம் கழற்றியே வைத்திருந்ததில் மூக்குத் துளை தூர்ந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்று போன வைகாசியில் ஆசைப்பட்டார். வயது 54. சுகர் வந்து 12 வருஷம். வீட்டில் பாதிப் பேர், "சுகர் இருக்கிறவங்க மூக்கு குத்தவே கூடாது" என்றார்கள். மீதிப் பேர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆசாரியை வரச் சொல்லு" என்றார்கள். இரண்டு பக்கமும் தப்பு.

சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக மூக்குத்தியையோ டாட்டூவையோ யாரும் மறந்துவிட வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஊசியைக் கிட்டே விடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டுப் படம். ஊசி இறங்குகிறது. வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன.]

குத்துவது என்றால் உடம்பில் நாமே ஒரு காயம் போடுவது. காயம் பட்டதும் ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்கள் அங்கே ஓடிவந்து கிருமிகளை விழுங்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அந்த அணுக்கள் சோர்ந்துபோகின்றன. வந்து சேர்வதும் தாமதம், விழுங்குவதும் மந்தம். பல வருஷ சுகர் என்றால் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெட்டிருக்கலாம், நரம்பும் மரத்திருக்கலாம். அப்படியானால் புண் பழுத்தாலும் வலி தெரியாது. வலி இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுவோம்.

அதனால் முதலில் எச்பிஏ1சி பரிசோதனை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று இந்த ஒரு எண் சொல்லிவிடும். 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் மருத்துவரிடமும் கேளுங்கள். அத்தைக்கு 9.1 வந்தது. ஆசாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நல்ல நாள், நட்சத்திரம் எல்லாம் பார்க்கிற வீடுதான் எங்களுடையது. அந்தப் பட்டியலில் இந்த எண்ணையும் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதுவரை சுகர் பார்த்ததே இல்லை என்கிறவர்களுக்கும் இது உண்டு. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். டாட்டூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யப் போகிறீர்கள். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: காதின் பெரிய படம். கீழ் மடல் பச்சை, மேல் குருத்தெலும்பு சிவப்பு.]

சரி, எங்கே குத்துவது? காதின் கீழ் மடல் சதை. ரத்த ஓட்டம் நிறைய. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறும். சுகர் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். மேல் காது அப்படி இல்லை. அங்கே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் சத்து வர வேண்டும். ஆற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அங்கே சீழ் பிடித்தால் சவ்வு விலகி, குருத்தெலும்பு பட்டினியில் செத்து, காதே சுருங்கிப்போகலாம்.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் தங்கைக்கு 11 வயதிலிருந்து டைப் 1, அதாவது உடம்பு இன்சுலினைச் சுரக்காத வகைச் சர்க்கரை நோய். கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஃபேன்சி கடையில் மேல் காதில் குத்திக்கொண்டாள். துப்பாக்கி மாதிரிக் கருவி. 'டக்' என்று ஒரு சத்தம், முடிந்தது. மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றில் மீட்டர் 236 காட்டியது. முந்தின நாள் 128. சாப்பாடும் மாறவில்லை, இன்சுலினும் தவறவில்லை. மீட்டரில் செருகுகிற பட்டை கெட்டுப்போயிருக்கும் என்று வேறு பட்டை வைத்தும் அதே கதை. மறுநாள் சாயங்காலம்தான் காது சிவந்து, தொட்டால் கொதித்தது. காது சொல்வதற்கு ஒன்றரை நாள் முன்பே மீட்டர் சொல்லிவிட்டது. எங்களுக்குத்தான் புரியவில்லை. உடம்பில் கிருமி புகுந்தால் சர்க்கரை ஏறும். குத்திய பிறகு காரணமில்லாமல் ஏறினால் முதலில் புண்ணைப் பாருங்கள். டைப் 1 என்றால் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) பார்த்துவிடுங்கள்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூர் மழுங்கிய கம்மலை அது அழுத்தித் திணிக்கிறது, குருத்தெலும்பு நசுங்குகிறது. பிளாஸ்டிக் உடம்பு என்பதால் பெரும்பாலான கருவிகளை ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. ஆட்டோகிளேவ் என்பது பிரஷர் குக்கருக்கு அண்ணன். 121 டிகிரி நீராவியில் அழுத்தம் கொடுத்துக் கிருமி கொல்வது. ஸ்பிரிட்டில் துடைத்தது அதற்கு ஈடாகாது. உங்கள் கண்முன்னே உறை பிரித்த, உள்ளே துளையுள்ள புது ஊசியால் குத்தச் சொல்லுங்கள். முதல் நகை இம்ப்ளான்ட் தரத்து, அதாவது உடம்புக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியமாக இருக்கட்டும். நிக்கல் கலந்த கவரிங் வேண்டவே வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். முழுதாக முடிக்க ஆறு மாதம் ஆகும். டிடி எனும் டெட்டனஸ் தடுப்பூசி பத்து வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும்.

[காட்சி: பாட்டியின் முன்கையில் பழைய பச்சைக் கோலம். அது மெல்ல மறைந்து, டாட்டூ மெஷின்.]

பச்சை குத்துவது நமக்குப் புதிதில்லை. நம் பாட்டிகளின் கையில் இருக்கும் கோலம் ஐம்பது அறுபது வருஷமாக அப்படியே இருக்கிறதே, எப்படி? மை மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உள்தோலில் தங்குவதால்தான். மை தங்குகிற இடத்தில் கிருமியும் தங்கும். 2011 கடைசியில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் டாட்டூ போட்ட 19 பேருக்குத் தோலில் விடாப்பிடியான தடிப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிற மை. அந்த மைக்குள் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு பாக்டீரியா இருந்தது. ஊசி புதிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். மையைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்றுகிறார்களா, நிறத்தை வெளுக்கக் குழாய்த் தண்ணீரைக் கலக்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்டால் கோபப்படுகிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சுகர் உள்ளவர்கள் டாட்டூவுக்குத் தவிர்க்க வேண்டிய இடங்கள் பாதம், கணுக்கால், முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் வரை. ரத்த ஓட்டம் முதலில் குறைவதும் நரம்பு முதலில் மரப்பதும் அங்கேதான். கொலுசு மாதிரி டாட்டூ அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம். இன்சுலின் போடுகிற வயிறு, தொடை, சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டுகிற மேல் கை, இவற்றையும் விட்டுவிடுங்கள். மரப்பு க்ரீமோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பெரிய டாட்டூ என்றால் மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். வலியில் சிலருக்கு சர்க்கரை ஏறும். சாப்பாடு தள்ளிப்போனால் இறங்கும். கிளம்பும் முன் சாப்பிடுங்கள், மீட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், குத்துபவரிடம் சுகர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வியர்த்துக் கை நடுங்கினால், வலியால்தான் என்று பல்லைக் கடிக்காதீர்கள். நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நாக்கில் குத்துகிறவர்களுக்கு வேறு சிக்கல்: நாக்கு வீங்கிச் சாப்பிட முடியாது, ஆனால் மாத்திரையும் இன்சுலினும் வேலை செய்துகொண்டேயிருக்கும்.

[காட்சி: சலைன் பாட்டில், காஸ் துணி, சோப்பு.]

குத்திய பிறகு வேலை கொஞ்சம்தான். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, தினம் இரண்டு முறை மருந்துக்கடை நார்மல் சலைனால் (சுத்தமான உப்பு நீர்) துடைத்தால் போதும். கம்மலைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். குளம், ஆறு, கடல், நீச்சல்குளம் எல்லாம் ஆறின பிறகு. எங்கள் அத்தையோடு சண்டை வந்தது வேப்பங்குச்சியால்தான். துளை தூராமல் இருக்க வேப்பங்குச்சி செருகி, தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தடவுவது அவர் வளர்ந்த முறை. குச்சிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, எண்ணெய் அழுக்கைப் பிடித்துவைக்கும் என்று மூன்று நாள் பேசித்தான் ஒப்புக்கொண்டார்.

முதல் சில நாள் லேசான சிவப்பும் நிறமில்லாத கசிவும் இருக்கும், பயம் வேண்டாம். சிவப்பு பரவினால், சூடேறினால், மஞ்சளோ பச்சையோ சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். கம்மலை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடிச் சீழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்ட்டிபயாடிக் வாங்குவதும் கூடாது. மேல் காதைத் தாக்கும் சூடோமோனாஸ் கிருமி பல சாதாரண மருந்துகளுக்கு மசியாது. என் தங்கையின் காது தப்பியது, சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைத்ததால்.

[காட்சி: வெல்வெட் பெட்டி திறக்கிறது. உள்ளே காலி.]

அத்தை அந்த மூன்று மாதமும் காலையில் நடந்தார், இரவில் சோற்றைக் குறைத்தார், மாத்திரையை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். ஆவணியில் 7.3. அந்த வாரமே ஊசியால் குத்தி, கடுகளவு டைட்டானியப் பொட்டு போட்டாயிற்று. தை மாதம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் அதைக் கழற்றி ஏழு கல்லைப் போட்டோம். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வாசல் திண்ணையில் உட்கார வைத்துத் திருகாணியை முடுக்கியது என் தங்கை.