காற்றுக்கு முந்திப் பெற்றோல்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கார்ப் பந்தயம் பற்றிப் பேசுங்கள் என்றுதான் நிலையத்தில் கேட்டார்கள். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆட்கள் இருக்கிறார்கள். நான் பொனட்டைத் திறந்துவைத்துக் குனிந்தபடியே தலை நரைத்தவன். அதனால் டர்போவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பேச்சு கொஞ்ச நேரத்தில், காருக்குள் எஞ்சினுக்குப் பெற்றோலைத் தள்ளுகிற பம்புக்கு நழுவிவிடும். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

காலி வீதியில் வெள்ளவத்தைத் தரிப்பிலிருந்து பஸ் கிளம்பும்போது, எஞ்சின் உறுமலுக்குள்ளே மெல்லிய ஒரு விசில் கேட்கும். நிறையப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் டர்போ. எஞ்சின் வெளியே தள்ளுகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அல்பிரட் பியூக்கி என்கிற சுவிஸ் பொறியியலாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கு நம் தெருவில் ஓடுகிற டொயோட்டா ரைஸ், ஒரு லீற்றர் எஞ்சினை வைத்துக்கொண்டு 98 குதிரைவலு தருகிறதே, அதுவும் இந்தச் சக்கரத்தின் புண்ணியத்தில்தான்.

கம்பனி போட்ட டர்போவோடு ஓடுகிறவர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. "இது பத்தாது, பெரிசாகப் போடுவோம்" என்று உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு நடக்கும்போதுதான் கதை தொடங்குகிறது. பெரிய டர்போ என்றால் கூடுதல் காற்று, அவ்வளவுதான். காற்று எரியாது. எரிவது பெற்றோல். ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ முழு மூச்சில் தள்ளும்போது அந்தக் கணக்கும் போதாது. ஒரு பங்கு பெற்றோலுக்கு பதினொன்றரை, பன்னிரண்டு பங்கு காற்று என்கிற அளவில், பெற்றோலைத் தாராளமாகவே விடவேண்டும். மிஞ்சுகிற பெற்றோல் ஆவியாகிச் சிலிண்டருக்குள் சூட்டைக் குறைக்கும்.

பெற்றோல் போதாவிட்டால் என்ன ஆகும்? செட்டியார் தெருவில் பொற்கொல்லர் ஊதுகுழலால் ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பலாக மஞ்சளாய் எரிகிற சுடர், காற்றுப் பட்டதும் நீலமாகிப் பொன்னையே உருக்கிவிடும். எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான், ஆனால் அங்கே உருகுவது பிஸ்டன். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். உருகும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. சூடு ஏறினால், பிளக் பொறி முன்னின்று எரிக்கவேண்டிய கலவை தானாகவே ஒரு மூலையில் வெடிக்கும். நாங்கள் நொக்கிங் என்போம். நாலைந்து தடவை பலமாக அடித்தால் போதும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும்.

இப்போது அந்த ஸ்டார்லட் கதைக்கு வருகிறேன். என் கராஜுக்கு வருகிற பையன்கள் எல்லாரும் இதைக் கேட்டு அலுத்தவர்கள். பரவாயில்லை, நீங்கள் கேளுங்கள்.

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி ஸ்டார்லட் ஜீடி டர்போ ஒன்றோடு வந்தான். 1.3 லீற்றர் எஞ்சின், கம்பனி நிலையில் 135 குதிரைவலு. தூக்கி அடிக்கக்கூடிய சின்ன உடம்பு, நல்ல கார். அவன் பெரிய டர்போ ஒன்றை வாங்கி, வேறொரு கராஜில் பூட்டி, பம்பும், எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்டரும்கூட மாற்றியிருந்தான். ஐயாயிரம் சுற்றுக்கு மேலே போனால் கார் விக்குகிறது. "அங்கிள், டர்போ சரியில்லை. இன்னும் பெரிசு போடட்டுமா?" என்றான். "தம்பி, டர்போவை விடு, முதலில் டைனோவில் ஏற்று" என்றேன்.

டைனோ என்பது காரை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கிற இயந்திரம். பெற்றோல் குழாயில் ஓர் அமுக்கமானியைப் பூட்டினோம். அக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுகிற ஐட்லிங்கில் முள் ஆடாமல் நின்றது. அக்சிலேட்டரை மிதித்ததும் டர்போ 0.9 பார் தள்ளியது. அப்படித் தள்ளும்போது பெற்றோலின் அமுக்கமும் அதே அளவு ஏறவேண்டும். வழக்கமான 3 பாரோடு அதையும் கூட்டினால் கிட்டத்தட்ட 4 பார். ஏறியதுதான். ஐயாயிரம் சுற்றில் முள் மெல்ல மெல்லக் கீழே சாய்ந்தது. ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுகிற, புகைக்குழாயில் இருந்த மானியோ 11.8ஐ விட்டு 13.5ஐ நோக்கி ஓடியது. "காலை எடு!" என்று கத்தினேன்.

அவன் போட்டிருந்தது நல்ல பம்ப்தான். போலியா என்றும் பார்த்தேன், போலிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. இது அசல். மல்டிமீற்றரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 13.8 வோல்ட். பம்புக்குப் போகிற கனெக்டரில் 10.9. மூன்று வோல்ட்டை வழியிலேயே யார் குடித்தது? கனெக்டரைக் கழற்றினேன். ஒரு பின் பச்சை பிடித்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சாயத்தண்ணி நிறத்துக்குக் கருகி, ஓரம் இளகியிருந்தது. கார் நிற்பது கடற்கரைப் பக்கத்து வீட்டில். உப்புக்காற்று செய்த வேலை. வயரும் பழைய சின்னப் பம்புக்கென்று கம்பனி போட்ட மெல்லிய வயர்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பின் பெட்டியில் மணிக்கு 255 லீற்றர் என்று போட்டிருக்கும். எத்தனை வோல்ட்டில், எந்த அமுக்கத்தில் அந்த 255? வோல்ட் குறைந்தால் அளவு குறையும். அமுக்கம் ஏறினாலும் குறையும். டர்போ முழுதாகத் தள்ளும் நேரத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். பதினொரு வோல்ட்டில் ஓடுகிற பம்ப், பெட்டியில் போட்டதில் கால்பங்குக்கு மேலேயே குறைத்துத் தரலாம். பெட்டியை நம்பாதீர்கள், பம்பின் வாயில் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

அந்தக் காருக்குச் செய்தது என்ன? பற்றறியிலிருந்து நேரே ஒரு தடித்த வயர், பற்றறிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ், மின்சாரத்தால் தட்டப்படுகிற சுவிட்சான ஒரு ரிலே, ஒரு புதுக் கனெக்டர். பழைய வயரின் வேலை இனி ரிலேயைத் தட்டிவிடுவது மட்டும்தான். திரும்ப டைனோவில் ஏற்றினோம். முள் கடைசிவரை விறைப்பாக நின்றது. தம்பியின் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் கூட. "அவ்வளவுதானா அங்கிள்?" என்றான். டர்போவுக்குக் கொட்டின காசோடு பார்த்தால் இது சில்லறை. சில்லறைச் செலவைக் கூட்டாளிமாரிடம் பெருமையாகச் சொல்ல முடியாதே!

சரி, இன்ஜெக்டர். அதற்கும் ஒரு மனக்கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின் ஒன்றில் 200 குதிரைவலு வேண்டுமா? ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 சீசீ அளவில் தரக்கூடியதாக இருக்கட்டும். 300 வேண்டுமென்றால் 600. இந்தக் கணக்கில், இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டாது. எப்போதும் திறந்தே கிடக்கிற இன்ஜெக்டரை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அதற்காக ஒரேயடியாக ஆயிரம் சீசீ வாங்கிப் பூட்டினால், பொரளைச் சந்தி நெரிசலில் ஐட்லிங் தள்ளாடும்.

நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரமே கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத கார் அங்கே மூச்சு வாங்கும். டர்போ கார் சமாளித்துவிடும், ஆனால் கொழும்பில் தள்ளின அதே அமுக்கத்தைத் தள்ள அந்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். இங்கேயே எல்லையில் ஓட்டுகிற டர்போவை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் பேரிங் போய்விடும். பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளுகிற அமுக்கத்தை, கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஏறுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, ஒன்றா? ஒன்றாம். எஞ்சினை ஆளுகிற கணினியான ஈசீயூவின் டியூனிங்குக்கென்று கால்மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், போச்சு. அவசரமாகச் சொல்கிறேன். பம்ப், இன்ஜெக்டர், டர்போ, எதை மாற்றினாலும் டியூன் பண்ணாமல் மிதிக்கவேண்டாம். 95 ஒக்டேனுக்கு டியூன் பண்ணின காருக்கு, பெற்றோல் செட்டில் 95 முடிந்துவிட்டது என்று 92ஐ அடித்தால் மெதுவாக வீட்டுக்குப் போங்கள், டர்போ விசிலடிக்க விடாதீர்கள். இன்டர்கூலர், கிளட்ச், பிரேக் எதையும் தொடவில்லை. பிரேக்கையாவது டர்போவுக்கு முன்னம் பார்த்துவிடுங்கள். வேகத்தைக் கட்டுக்குருந்தை ஓடுபாதையில் போட்டி நாளில் வைத்துக்கொள்ளலாம், மரைன் டிரைவில் வேண்டாம். இன்னொன்று, வேகமாக ஓடிவந்து நிறுத்தியதும் சாவியைத் திருகிவிடாதீர்கள். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், ஒயில் ஓடி அந்தத் தண்டு ஆறட்டும். ஒயிலும்... சரி சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.