மிக்சர் ஸ்குரூவின் எல்லை

நேயர்களுக்கு வணக்கம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய 100, 125, 150 சி.சி. மோட்டார் சைக்கிள்களில் எந்தக் குறை தலைகாட்டினாலும், அது இழுவைக் குறைவாக இருந்தாலும் மைலேஜ் குறைவாக இருந்தாலும், முதலில் கை போவது கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும், அந்தக் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்குரூவின் மேல்தான். அந்த ஸ்குரூவின் அதிகாரம் எதுவரை செல்லும் என்று தெரிந்துகொண்டாலே ட்யூனிங்கில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இன்ஜின் உறிஞ்சும் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்தைக் கடக்கும்போது வேகமெடுக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. மிதவைத் தொட்டியில் வெளிக்காற்றின் அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் அந்த வித்தியாசத்தால் ஜெட் எனப்படும் நுண்துளைப் பித்தளைத் துண்டின் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்; முழு சக்தி தேவைப்படும்போது 12.5 அல்லது 13 பங்குக் காற்றோடு, சற்றே பெட்ரோல் மிகுந்த கலவைதான் இன்ஜினுக்கு ஏற்றது. ஒரே துளையால் எல்லா நிலைகளிலும் இந்த அளவைக் காக்க இயலாது. அதனால்தான் ஆக்சிலேட்டரின் திறப்பைப் பொறுத்துப் பொறுப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது.

ஆக்சிலேட்டர் கேபிள் ஸ்லைடு என்ற அடைப்பானை நேராகத் தூக்கும் சாதாரண வகைக் கார்புரேட்டரில், ஐட்லிங்கிலிருந்து, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும் நிலையிலிருந்து, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை சிறிய துளையுள்ள பைலட் ஜெட்டும் மிக்சர் ஸ்குரூவும் ஆள்கின்றன. அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு, கால் முதல் முக்கால் வரை ஸ்லைடோடு தொங்கும் நீடில் என்ற ஊசி, அதன் பிறகு பெரிய துளையுள்ள மெயின் ஜெட் என்று பொறுப்பு மாறுகிறது. எல்லைகள் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருப்பதில்லை. ஒன்றின் செல்வாக்கு அடுத்ததற்குள் கொஞ்சம் நீளும். ஆனாலும் அரைத் திறப்பில் திணறும் வண்டிக்கு மிக்சர் ஸ்குரூவைத் திருகி மருந்து தேட முடியாது. ஆகவே வண்டி எந்த வேகத்தில் திணறுகிறது என்று கேட்பதைவிட, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது திணறுகிறது என்று கேட்பதே சரி. கைப்பிடியிலும் அதை ஒட்டிய சுவிட்ச் பெட்டியிலும் ஆளுக்கொரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏர் ஃபில்டர் தூசியால் அடைந்திருந்தாலும், வால்வுகளுக்கான டேப்பெட் இடைவெளி தவறியிருந்தாலும், ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தாலும் அந்தக் குற்றம் கார்புரேட்டரின் தலையில் விழும். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் விரிசல் இருந்தால் அதன் வழியே திருட்டுக் காற்று நுழையும்; அதை அடைக்காமல் எந்த ஸ்குரூவைத் திருகினாலும் ஐட்லிங் நிலைக்காது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது என்பதால், நாளாகி நின்ற பெட்ரோலின் பிசுக்கு அதை எளிதில் அடைத்துவிடும். அதைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றுப் பெருத்தாலும் அளவு போய்விடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை.

இனி ஐட்லிங் அமைப்பு. இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி பத்து நிமிடமாவது ஓட்டிவிட்டு, காற்றோட்டமான திறந்த இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். மிக்சர் ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் மிகுந்த கலவை கிடைக்கும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால்தான் பெட்ரோல் மிகும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் எதிர்த்திசையில் திருகிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம். ஸ்குரூவை மெல்ல உள்ளே திருகி, தட்டியவுடன் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனை சிதைந்துவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, அது கிடைக்காவிட்டால் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து இன்ஜினை ஓடவிடுங்கள். பிறகு கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு திருகலுக்கும் சில விநாடி காத்திருந்து, இன்ஜின் ஓட்டம் மிக வேகமாகவும் சீராகவும் கேட்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தை இறக்கி மீண்டும் அதே தேடலைச் செய்து, கையேட்டில் சொன்ன வேகத்தில், பெரும்பாலும் 1300 முதல் 1500 வரையிலான ஆர்.பி.எம்.மில், நிறுத்துங்கள்.

அமைத்தது சரிதானா என்பதைக் காதே சொல்லும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடும்போது வேகம் இறங்காமல் தொங்கி நின்று மெல்ல இறங்கினால் கலவையில் பெட்ரோல் குறைவு. ஐட்லிங்கிற்கும் கீழே விழுந்து தடுமாறி எழுந்தால் பெட்ரோல் மிகுதி. இன்ஜின் பக்க ஸ்குரூவை மூன்று சுற்றுக்கும் மேல் திறந்தால்தான் ஓட்டம் சீராகிறது என்றால், பைலட் ஜெட் அடைந்திருக்கிறது அல்லது அதன் அளவு போதவில்லை என்று பொருள்.

நீடிலுக்கு வரும்போது ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும். நீடிலின் மேல்பகுதியில் வரிவரியாக உள்ள பள்ளங்களில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். நடுத் திறப்பில் திணறும்போது, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சற்று இழுத்துப் பாருங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை, கூடினால் ஏற்கெனவே மிகுதி. வெற்றிட டயாஃப்ரம் வகையில் ஸ்லைடை இன்ஜினின் உறிஞ்சலே தூக்குகிறது, கை நேராகத் தூக்குவதில்லை என்பதால் டேப் கோடுகள் அங்கே இவ்வளவு துல்லியமாகப் பேசா. எந்த வகையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மைலேஜ் வேண்டி மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முழுத் திறப்பில் பெட்ரோல் குறைந்தால் எரிவெப்பம் ஏறி, எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுக்கின்றன. காற்றின் அடர்த்தி குறைந்த உயரமான மலைப்பகுதியில் நெடுநாள் ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் பொருந்தும். சமவெளிக்கு இறங்கியதும் பழையதை மாட்டிவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், காற்று விகிதம் குறைவாகவே தேவை. முன்பே எல்லைக்கோட்டில் மெலிந்திருந்த கலவை அதனால் இன்னும் மெலிந்துபோகும். முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை உடனே அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் அந்த மெயின் ஜெட் பொருத்தமானது. வெளுத்துப்போயிருந்தால் அடுத்த பெரிய அளவை மாட்டும் வரை அந்த வண்டியை முழுத் திறப்பில் ஓட்டாதீர்கள்.