கெவின் ஓ பிரையனின் இரண்டு சதங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்து கிரிக்கெட் என்றதுமே இங்கே பாதிப் பேருக்கு பெங்களூரு ஞாபகம் வந்திருக்கும். சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

2011 மார்ச் 2, உலகக் கோப்பை, சின்னசாமி மைதானம். இங்கிலாந்து 327 ரன் குவித்துவிட்டது. பதிலுக்கு ஆட வந்த அயர்லாந்தின் கேப்டன் போர்ட்டர்ஃபீல்ட் முதல் பந்திலேயே போல்டு. 111 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் காலி. அப்போது களத்தில் நின்ற கெவின் ஓ பிரையன், புற்றுநோய் நிதிக்காகத் தலைமுடியில் பிங்க் சாயம் பூசியிருந்தார். அந்தத் தலையோடு 50 பந்தில் சதம் அடித்தார்! அலெக்ஸ் கியூசாக்கும் அவரும் சேர்ந்து எடுத்தது 162 ரன். 113இல் கெவின் ரன் அவுட் ஆக, ஜான் மூனி கடைசி ஓவரின் முதல் பந்தை பவுண்டரிக்கு விரட்டி ஆட்டத்தை முடித்தார். உலகக் கோப்பையின் அதிவேகச் சதம் என்ற அந்தச் சாதனை 2023 வரை அசையவில்லை.

அன்றைக்கு இங்கிலாந்து கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ். 2006இல் பெல்ஃபாஸ்ட்டில் கெவின் ஒருநாள் போட்டியில் வீசிய முதல் பந்திலேயே ஒரு விக்கெட் விழுந்தது. அவுட் ஆனவர் இதே ஸ்ட்ராஸ்தான். பாவம், மனிதருக்கு என்ன ராசியோ!

ஆனால் என்னைக் கேட்டால், பெங்களூருவுக்கும் ஒரு படி மேலே மாலஹைடைத்தான் வைப்பேன். 2018 மே மாதம், டப்ளினுக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் அயர்லாந்து தன் முதல் டெஸ்டை ஆடியது. எதிரே பாகிஸ்தான். முதல் நாள் முழுக்க மழை. அயர்லாந்து முதல் இன்னிங்ஸில் 130க்குச் சுருண்டு, 180 ரன் பின்தங்கி, ஃபாலோ ஆன், அதாவது உடனே இரண்டாவது இன்னிங்ஸையும் ஆட வேண்டிய நிலை. அடித்து நொறுக்குவதற்கென்றே பேர்போன கெவின், பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் ஆமிரையும் அப்பாஸையும் பொறுத்துப் பொறுத்து ஆடினார். அப்பா பிரெண்டன், அண்ணன் நைல் எல்லோரும் அயர்லாந்துக்கு ஆடிய குடும்பம் அது. நைல் அந்த டெஸ்டிலும் ஆடினார். கெவின், சக வீரர் தாம்ப்சனோடு 114 ரன் சேர்த்து, நாட்டின் முதல் டெஸ்ட் சதத்தை எட்டினார். கடைசி நாள் காலையில், 118 ரன்னிலேயே, சந்தித்த முதல் பந்தில் ஸ்லிப்பில் கேட்ச். 160 இலக்கைத் துரத்திய பாகிஸ்தானை 14க்கு மூன்று விக்கெட் என்று அயர்லாந்து நடுங்க வைத்தது. அப்புறம் தோற்றது, அது வேறு கதை.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 153 ஒருநாள் போட்டி, 3619 ரன், 114 விக்கெட் கண்டவர், டெஸ்ட் ஆடியதோ மூன்றே மூன்று. அந்தச் சதத்துக்குப் பிறகு அடுத்த டெஸ்டுக்குப் பத்து மாதம் காத்திருந்தார்கள். டேராடூனில் நடந்த அந்த டெஸ்டிலும் கெவின் அரைசதம் அடித்தார். 2019 உலகக் கோப்பையைப் பத்து அணிகளோடு ஐசிசி சுருக்கிவிட்டதால் அயர்லாந்துக்கு அதில் இடமே இல்லை. பெரிய அணிகளை வீழ்த்திக் காட்டிய நாட்டுக்குக் கதவைச் சாத்தியது எந்த ஊர் நியாயம்?

2022 ஆகஸ்டில் அவர் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த டி20 உலகக் கோப்பையோடு விடைபெறத்தான் ஆசை. தேர்வாளர்களின் பார்வை வேறு பக்கம் போய்விட்டது. அக்டோபரில் அயர்லாந்து அங்கே போய் மேற்கிந்தியத் தீவுகளை வெளியேற்றி, மெல்போர்னில் மழையின் துணையோடு இங்கிலாந்தையும் வென்றது.