வான் ரைட் எங்கள் அணிச் சாட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஃபின்லாந்து அறிஞர்கள் அறிவொளிச் சிந்தனையை, அதாவது எதையும் பகுத்தறிவால் கேள்வி கேட்கும் போக்கை, வளர்த்தார்களா, கைவிட்டார்களா என்பதுதான் இன்றைய கேள்வி. கைவிட்டார்கள் என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே ஒரு சாட்சியைக் கொண்டுவந்தார்: தத்துவ அறிஞர் ஜியார்ஜ் ஹென்ரிக் வான் ரைட். முன்னேற்றம் ஒரு கட்டுக்கதை என்று அவரே எழுதிவிட்டாராம், வழக்கு முடிந்ததாம். வளர்த்தார்கள் என்று வாதாட வந்திருக்கிறேன் நான். வான் ரைட்டிடம் வருவேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1759. ஃபின்லாந்து அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. ஹெல்சிங்கியில் பிறந்த பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற இளைஞர் குடிமக்களின் சுதந்திரம் பற்றி 21 பத்திகளில் ஒரு சிறுநூல் போட்டார். பிரதிகளைத் திரும்பப் பிடுங்கும்படி உத்தரவு வந்தது. யாருக்கு? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லின்னேயஸுக்கு! செடிகொடிகளுக்குப் பெயர் வைத்தாரே, அவரேதான். ஃபோர்ஸ்கோலுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரும் அவர்தான். அந்த இளைஞர் 31 வயதில் ஏமனில் இறந்துபோனார்.

ஆனால் அவர் கேட்ட அச்சுச் சுதந்திரம் கிடைத்தது, 1766-இல். அதற்காக முன்னின்று போராடியவர் ஃபின்லாந்தின் கொக்கோலா ஊர்ப் பக்கத்துப் பாதிரியார் ஆண்டர்ஸ் சிடேனியஸ். அவருடைய ஊர்ப்பக்கத்து மக்கள் மரத்திலிருந்து காய்ச்சி எடுத்த தார் என்ற கறுப்புப் பிசினை நேரே வெளிநாட்டுக்கு விற்க முடியாது, ஸ்டாக்ஹோம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதை எதிர்த்து ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்குப் போன மனிதர் அச்சுச் சுதந்திரச் சட்டம் வரை நகர்ந்தார். தணிக்கை போனது, அரசு ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்றும் ஆனது. சமய நூல்களுக்கு மட்டும் தணிக்கை நீடித்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் உலகத்தில் இப்படியொரு சட்டம் அதற்குமுன் இல்லை.

சரி, வான் ரைட். கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் வகித்த பேராசிரியர் பதவிக்கு அடுத்து வந்த தர்க்க அறிஞர் அவர். அறிவியலையும் அறிவையும் பற்றி 1986-இல் அவர் எழுதிய நூலில் கவலைப்பட்டது எதற்காக? எதையும் திறமையாகச் செய்து முடிக்கத் தெரிந்த அறிவு, ‘இது மனித வாழ்க்கைக்கு நல்லதா?’ என்று கேட்க மறந்துவிட்டதே என்பதற்காக. அந்தக் கேள்வியை அவர் எழுப்பியதும் காரணங்களை அடுக்கித்தான். தன்னை மனிதநேயவாதி என்றே கடைசிவரை கருதியவர். அதிகாரத்தைக் கேள்வி கேட்க சிடேனியஸுக்கு உரிமை உண்டென்றால், தொழில்நுட்பத்தைக் கேள்வி கேட்க வான் ரைட்டுக்கு ஏன் கூடாது?

நண்பரைக் கேட்கிறேன்: அறிவைக் கைவிடுங்கள் என்று வான் ரைட் எங்கே சொன்னார்? காட்டுங்கள், இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன்.